முக்கோணவியல் கோவைகளைச் சுருக்குதல்

முக்கோணவியல் கோவைகளைச் சுருக்குதல் என்பது சைன், கொசைன், டேன்ஜெண்ட் முதலிய முக்கோணவியல் சார்புகள் அடங்கிய ஒரு கோவையை, அதன் மதிப்பு மாறாமல், முற்றொருமைகளைக் கொண்டு வேறொரு வடிவில் எழுதுவதாகும். தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் இதன் தொடக்கப்பகுதி பத்தாம் வகுப்பிலும், கூட்டுக் கோணங்கள், மடங்குக் கோணங்கள் ஆகியவை பதினோராம் வகுப்பிலும் கற்பிக்கப்படுகின்றன. இலங்கையில் இத்துறை திரிகோணகணிதம் என்றும், முற்றொருமை சர்வசமன்பாடு என்றும், டேன்ஜெண்ட் தான்சன் என்றும் வழங்கப்படுகின்றன.

சுருக்குதல் என்றால் உறுப்புகளின் எண்ணிக்கையைக் குறைத்தல் என்றே பெரும்பாலும் கருதப்படுகிறது. பள்ளித் தேர்வுகளைப் பொறுத்தவரை இது போதுமானது. ஆனால் எந்த வடிவம் எளியது என்பது அக்கோவையைக் கொண்டு அடுத்து என்ன செய்யப்போகிறோம் என்பதைப் பொறுத்தது. ஒரே முற்றொருமை ஒரு நூற்றாண்டில் இடமிருந்து வலமாகவும், அடுத்த நூற்றாண்டில் வலமிருந்து இடமாகவும் பயன்பட்டிருக்கிறது.

இக்கட்டுரையில் கோணங்கள் அ, ஆ, இ என்ற எழுத்துகளால் குறிக்கப்படுகின்றன. டேன்ஜெண்ட், கோடேன்ஜெண்ட், சீக்கண்ட், கொசீக்கண்ட் ஆகியவை முறையே டேன், காட், சீக், கொசீக் எனச் சுருக்கி எழுதப்பட்டுள்ளன.

அடிப்படை முற்றொருமைகள்

ஒரு சமன்பாடு அதிலுள்ள மாறியின் சில மதிப்புகளுக்கு மட்டும் உண்மையாக இருக்கலாம். இருபக்கமும் பொருளுடையனவாக உள்ள எல்லா மதிப்புகளுக்கும் அது உண்மையானால் முற்றொருமை எனப்படும். செங்கோண முக்கோணத்தின் பக்கங்களுக்குப் பிதாகரசு தேற்றத்தைப் பயன்படுத்திக் கர்ணத்தின் வர்க்கத்தால் வகுத்தால்

சைன்² அ + கொசைன்² அ = 1

எனக் கிடைக்கும். இதைக் கொசைன்² அ ஆல் வகுத்தால் 1 + டேன்² அ = சீக்² அ என்பதும், சைன்² அ ஆல் வகுத்தால் 1 + காட்² அ = கொசீக்² அ என்பதும் வரும். எனவே மூன்றையும் தனித்தனியே மனப்பாடம் செய்யத் தேவையில்லை. முதலாவதை அறிந்தவர் மற்ற இரண்டையும் ஒரு வரியில் எழுதிவிடலாம்.

இரு கோணங்களின் கூடுதலுக்குரிய முற்றொருமைகள் பின்வருமாறு:

சைன் (அ + ஆ) = சைன் அ கொசைன் ஆ + கொசைன் அ சைன் ஆ
கொசைன் (அ + ஆ) = கொசைன் அ கொசைன் ஆ − சைன் அ சைன் ஆ

இவற்றில் ஆ = அ எனப் பிரதியிட்டால் இரட்டைக் கோண முற்றொருமைகள் கிடைக்கும். அவற்றுள் 1 − கொசைன் 2அ = 2 சைன்² அ என்பது, பார்ப்பதற்குச் சிறியதெனினும், கீழே பல இடங்களில் வரும்.

சுருக்கும் முறை

இதற்கென ஒரே வழிமுறை கிடையாது. எல்லாவற்றையும் சைன், கொசைன் ஆகிய இரண்டிலும் எழுதிப் பார்ப்பதே பழக்கமில்லாதவர்க்கு நம்பகமான தொடக்கம். எடுத்துக்காட்டாக,

(கொசீக் அ − சைன் அ)(சீக் அ − கொசைன் அ)(டேன் அ + காட் அ)

என்ற கோவையை எடுத்துக்கொள்வோம். முதல் காரணி (1 − சைன்² அ) / சைன் அ, அதாவது கொசைன்² அ / சைன் அ ஆகும். அவ்வாறே இரண்டாவது காரணி சைன்² அ / கொசைன் அ. இவ்விரண்டின் பெருக்கற்பலன் சைன் அ கொசைன் அ. மூன்றாவது காரணியில் பகுதிகளைச் சமப்படுத்திக் கூட்டினால் தொகுதி சைன்² அ + கொசைன்² அ ஆகிறது. எனவே அது 1 / (சைன் அ கொசைன் அ). மொத்தக் கோவையின் மதிப்பு 1.

உயர் அடுக்குகள் வரும்போது இயற்கணிதச் சூத்திரங்கள் உதவும். சைன்⁴ அ − கொசைன்⁴ அ என்பதை இரு வர்க்கங்களின் வித்தியாசமாகக் கொண்டால் (சைன்² அ + கொசைன்² அ)(சைன்² அ − கொசைன்² அ) என்றாகி, முதல் காரணி 1 ஆவதால், 2 சைன்² அ − 1 எனச் சுருங்கும். சைன்⁶ அ + கொசைன்⁶ அ என்பது இரு கனங்களின் கூடுதல். அது 1 − 3 சைன்² அ கொசைன்² அ ஆகும்.

பகுதியில் 1 + சைன் அ, 1 − கொசைன் அ போன்றவை இருந்தால், குறி மாற்றிய கோவையால் தொகுதியையும் பகுதியையும் பெருக்குவது வழக்கம். பகுதி ஒற்றை உறுப்பாகிவிடும் என்பதே இதன் பயன்.

மடக்கைக்கு முன்னும் பின்னும்

பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பிய வானியலாளருக்கு இருந்த பெரும் சுமை பெருக்கல். ஏழெட்டு இலக்கங்கள் கொண்ட இரு எண்களைக் கையால் பெருக்குவது நீண்ட வேலை, கூட்டுவது எளிது. சைன் அட்டவணைகள் அவர்களிடம் இருந்தன. எனவே அவர்கள்

கொசைன் அ கொசைன் ஆ = ½ [கொசைன் (அ − ஆ) + கொசைன் (அ + ஆ)]

என்ற முற்றொருமையைப் பெருக்கற் கருவியாகவே பயன்படுத்தினர். 0.93969, 0.64279 ஆகிய எண்களைப் பெருக்கவேண்டுமெனில், அவை முறையே 20°, 50° ஆகியவற்றின் கொசைன்கள் என அட்டவணையில் காணலாம். 30°, 70° ஆகியவற்றின் கொசைன்களான 0.86603, 0.34202 இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 0.60402 கிடைக்கும், பெருக்கற்பலனும் அதுவே. டென்மார்க்கு வானியலாளர் டைகோ பிராகி இம்முறையைப் பயன்படுத்தினார். அக்காலத்தில் சுருக்குதல் என்பது பெருக்கற் கோவையைக் கூட்டற் கோவையாக மாற்றுவதாகும்.

1614-இல் இசுக்காட்லாந்தைச் சேர்ந்த ஜான் நேப்பியர் மடக்கைகளை வெளியிட்டபின் நிலைமை தலைகீழாயிற்று. மடக்கையில் பெருக்கல் கூட்டலாகவும் வகுத்தல் கழித்தலாகவும் மாறுகின்றன. ஆனால் ஒரு கூடுதலின் மடக்கையைக் காண எளிய வழி இல்லை. ஆகவே கணக்கிடுவோர் கூட்டல், கழித்தல் உள்ள கோவைகளைப் பெருக்கல் வடிவுக்குக் கொண்டுவர முயன்றனர். இன்றும் பதினோராம் வகுப்பு மாணவர் படிக்கும்

சைன் அ + சைன் ஆ = 2 சைன் ((அ + ஆ)/2) கொசைன் ((அ − ஆ)/2)

போன்ற முற்றொருமைகள் பாடநூல்களில் அவ்வளவு இடம் பிடித்ததற்கு மடக்கை அட்டவணைக் காலம் ஒரு முக்கிய காரணம்.

முக்கோணத்தின் மூன்று பக்கங்கள் க, ச, த தரப்பட்டுக் கோணம் காணும் கணக்கு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பக்கம் க-வுக்கு எதிரேயுள்ள கோணம் அ எனில், கொசைன் விதிப்படி

கொசைன் அ = (ச² + த² − க²) / 2சத

இதில் தொகுதி மடக்கைக்கு ஒத்துவராது. இருபக்கத்தையும் 1-இலிருந்து கழித்தால் இடப்பக்கம் 2 சைன்² (அ/2) ஆகிறது. வலப்பக்கத் தொகுதி க² − (ச − த)² என்றாகிக் காரணிகளாகப் பிரிகிறது. சுற்றளவின் பாதியை வ எனக் கொண்டால்

சைன்² (அ/2) = (வ − ச)(வ − த) / சத

என முடிகிறது. வலப்பக்கம் முழுவதும் பெருக்கலும் வகுத்தலுமே. முதல் வடிவத்தை விட இது எளிதில் நினைவில் நிற்பதன்று. ஆயினும் அட்டவணையுடன் அமர்ந்தவருக்கு இதுவே சுருங்கிய வடிவம்.

பரங்கிமலை அடிக்கோடு

இவ்வகைக் கணக்கீடுகள் மிகப்பெரிய அளவில் நடந்த பணிகளுள் ஒன்று சென்னையில் தொடங்கியது. 1802 ஏப்ரல் 10 அன்று வில்லியம் லாம்டன் பரங்கிமலை அருகிலிருந்து தெற்கே பெரும்பாக்கம் குன்றை நோக்கி ஓர் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். நூறு அடி நீள எஃகுச் சங்கிலியால் அளக்கப்பட்ட அக்கோட்டின் நீளம் ஏறத்தாழ 40,006 அடி, அதாவது 12 கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டியது. அளக்க 57 நாட்கள் ஆயின. வெயிலில் எஃகு நீளும் என்பதால் சங்கிலியின் வெப்பநிலையும் குறிக்கப்பட்டது. 1818 முதல் இப்பணி இந்தியப் பெரு முக்கோணவியல் அளவை எனப் பெயர் பெற்றது.

இப்பணியில் நீளம் நேரடியாக அளக்கப்பட்ட கோடுகள் மிகச் சில. மற்றவை கணக்கிடப்பட்டவை. அடிக்கோட்டின் இரு முனைகளிலிருந்தும் தொலைவிலுள்ள ஒரு குன்றையோ கோபுரத்தையோ நோக்கித் தியோடலைட்டு என்ற கோணமானியால் கோணங்களை அளந்தால், சைன் விதியின்படி மற்ற இரு பக்கங்களையும் காணலாம். அவ்வாறு கண்ட பக்கம் அடுத்த முக்கோணத்துக்கு அடிக்கோடாகும். ஒவ்வொரு முக்கோணத்திலும் தெரிந்த பக்கத்தை ஒரு சைனால் பெருக்கி இன்னொரு சைனால் வகுக்கவேண்டும். சைன் விதி இயல்பாகவே பெருக்கல் வடிவில் இருப்பதால் மடக்கையில் இரண்டு கூட்டல் கழித்தல்களோடு வேலை முடிந்துவிடும். சங்கிலித் தொடராகச் செல்லும் பிழை எவ்வளவு சேர்ந்துள்ளது எனச் சரிபார்க்க லாம்டன் 1804-இல் பெங்களூருக்கு அருகில் வேறோர் அடிக்கோட்டை அளந்தார்.

குன்றின் உயரம் காண்பதும் பள்ளிக் கணக்கில் வருவதுதான். சமதரையில் ஓரிடத்திலிருந்து குன்றின் உச்சி அ என்ற ஏற்றக் கோணத்திலும், குன்றை நோக்கித் தொலைவு த நடந்தபின் ஆ என்ற ஏற்றக் கோணத்திலும் தெரிகிறது. உயரம் உ எனில் உ (காட் அ − காட் ஆ) = த. பெரும்பாலான மாணவர் இவ்விடத்திலேயே எண்களைப் பிரதியிடுவர். ஆனால் காட் அ − காட் ஆ என்பதைச் சைன், கொசைனில் எழுதிப் பகுதியைச் சமப்படுத்தினால் தொகுதியில் சைன் (ஆ − அ) கிடைத்து,

உ = த சைன் அ சைன் ஆ / சைன் (ஆ − அ)

என்றாகும். தொலைவு 100 மீட்டர், கோணங்கள் 30°, 45° எனில் உயரம் 136.6 மீட்டர். இவ்வடிவம் மடக்கைக்கு ஏற்றது என்பதோடு இன்னொன்றையும் காட்டுகிறது. ஆ − அ மிகச் சிறியதானால் பகுதி சுழியை நெருங்குகிறது. அப்போது கோணத்தை அளப்பதில் நேரும் சிறு பிழையும் உயரத்தைப் பெரிதும் மாற்றிவிடும். அதாவது குன்று தொலைவிலிருக்கும்போது நான்கடி நடந்து உயரம் காண முயலக்கூடாது. சுருக்குவதற்கு முன்பும் இவ்வுண்மை கோவைக்குள் இருந்ததுதான், ஆனால் கண்ணுக்குத் தெரியவில்லை.

சிறு கோணங்கள்

மடக்கை அட்டவணைகள் வழக்கொழிந்தபின் பெருக்கல் வடிவின் முதல் பயன் மறைந்தது. துல்லியம் பற்றிய பயன் மறையவில்லை. ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கான 1 கலையின் கொசைன் 0.99999996-க்குச் சற்றுக் குறைவு. ஏழு தசம இடங்களுக்கு அது 1.0000000 என்றே எழுதப்படும். எனவே ஏழிட அட்டவணையைக் கொண்டு 1 − கொசைன் 1′ கண்டால் விடை சுழி. அதற்குச் சமமான 2 சைன்² (அ/2) என்ற வடிவில் கண்டால் 0.000000042 என்ற சரியான மதிப்பு கிடைக்கும். இரண்டும் இயற்கணிதப்படி ஒன்றே. கணக்கிடும்போது ஒன்று பயனற்றது.

புவியின் மேல் இரு இடங்களுக்கிடையே உள்ள தொலைவை அகலாங்கு, நெட்டாங்கு கொண்டு காணும்போது இது நேரடியாகத் தலையிடும். சென்னைக்கு மேற்கேயுள்ள ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் இடையே நேர்க்கோட்டுத் தொலைவு எட்டு கிலோமீட்டருக்குள் அடங்கும். புவி மையத்தில் இவ்விரு ஊர்களும் அமைக்கும் கோணம் ஏறத்தாழ 4 கலைதான். கோள முக்கோணவியலின் கொசைன் விதி இக்கோணத்தின் கொசைனைத் தருகிறது. ஏழு தசம இடங்களில் அது 0.9999993 என வந்தால் தொலைவு ஏறத்தாழ 7.5 கிலோமீட்டர்; கடைசி இலக்கம் ஒன்று குறைந்து 0.9999992 ஆனால் 8.1 கிலோமீட்டர். இடைப்பட்ட அரைக் கிலோமீட்டரில் நடப்பது எதையும் அந்த அட்டவணையால் சொல்ல இயலாது.

கப்பலோட்டிகள் இதற்காகச் சைன்² (அ/2) என்பதையே தனிச் சார்பாகக் கொண்டு அட்டவணைகள் வைத்திருந்தனர். இதற்கு ஆவர்சைன் என்ற பெயரை 1835-இல் ஜேம்சு இன்மன் தம் கப்பலோட்டக் கலை நூலில் வழங்கினார். மேற்கண்ட கொசைன் விதியில் 1 − கொசைன் வடிவங்கள் எல்லாவற்றையும் அரைக்கோணச் சைனுக்கு மாற்றினால் கிடைப்பதே ஆவர்சைன் வாய்பாடு. கணினி நிரல்களில் இன்றும் அது பயன்படுகிறது.

கூட்டல் வடிவம் இன்று

பெருக்கலைக் கூட்டலாக்கும் பழைய வழியும் மறைந்துவிடவில்லை. தொகைநுண்கணிதத்தில் சைன்² அ என்பதை நேரடியாகத் தொகையிடுவது கடினம். அதை (1 − கொசைன் 2அ)/2 என விரித்தெழுதினால் இரண்டு எளிய தொகையீடுகள் ஆகிவிடும். வானொலியில் சுமப்பலையை ஒலியலையால் பெருக்கும்போது அதே முற்றொருமை இரு பக்கப்பட்டைகளைத் தருகிறது. சென்னை வானொலி நெடுங்காலம் ஒலித்த 720 கிலோகெர்ட்சு அலையின் வீச்சை 1 கிலோகெர்ட்சு ஒலியால் மாற்றினால், 719, 721 ஆகிய அதிர்வெண்களிலும் அலைகள் தோன்றும். இவை மேலே கண்ட அ − ஆ, அ + ஆ ஆகியவையே.

இந்திய மரபில்

வடமொழிக் கணித நூல்களில் சைனுக்குரிய சொல் ஜியா, அதாவது வில்லின் நாண். தமிழ் வடிவியலிலும் வட்டத்தின் பகுதி வில் என்றும் அதன் முனைகளை இணைக்கும் கோடு நாண் என்றும் வழங்குவதால் இவ்வுவமை தமிழ் மாணவருக்கு அந்நியமானதன்று. அரபியர் இச்சொல்லை ஒலிபெயர்த்து ஜிபா என எழுதினர். அதை வேறொரு சொல்லாகப் படித்து இலத்தீனில் சைனசு என மொழிபெயர்த்ததே இன்றைய பெயர்.

499-ஐச் சார்ந்த ஆரியபட்டீயத்தில் கால்வட்டத்தை 24 பகுதிகளாக்கி, 3° 45′ இடைவெளியில் சைன் வேறுபாடுகள் தரப்பட்டுள்ளன. ஆறாம் நூற்றாண்டு வராகமிகிரரின் பஞ்சசித்தாந்திகையில் சைன், கொசைன் வர்க்கங்களின் கூடுதலும், கொசைனிலிருந்து அரைக்கோணச் சைனைக் காணும் விதியும் உள்ளன. இவ்விதியின் தேவை தெளிவு. 30°-இன் சைன் வடிவியலில் எளிதாகத் தெரியும். அதிலிருந்து 15°, 7° 30′, 3° 45′ எனப் பாதியாக்கிக்கொண்டே வந்தால் அட்டவணையின் முதல் வரி கிடைத்துவிடும். கூட்டுக் கோண விதிகளை 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் பாசுகரர் கூறினார். சங்கமகிராமத்து மாதவர் வழிவந்த கேரள மரபில் அவை விரிவாகக் கையாளப்பட்டன. 16-ஆம் நூற்றாண்டில் சேட்டதேவர் மலையாளத்தில் எழுதிய யுக்திபாசையில் நிறுவல்களும் இடம்பெற்றன.

வழக்கமான பிழைகள்

சுருக்கிய கோவையும் மூலக் கோவையும் எல்லா இடங்களிலும் சமமல்ல. மேலே 1 எனச் சுருங்கிய கோவை 0°, 90° ஆகியவற்றில் வரையறுக்கப்படவில்லை. விடையான 1 எங்கும் வரையறுக்கப்பட்டது. சுருக்கும்போது இக்கோணங்கள் விலக்கப்பட்டவை எனக் குறிப்பது முறை. பல நூல்களில் இது விடுபடுகிறது.

வர்க்கமூலம் வரும்போது குறி கவனிக்கப்படவேண்டும். (1 + சைன் அ)/(1 − சைன் அ) என்பதன் வர்க்கமூலம் சீக் அ + டேன் அ எனப் பாடநூல்களில் நிறுவப்படுகிறது. குறுங்கோணத்துக்கு இது சரி. 120° எனில் சீக், டேன் இரண்டும் குறை எண்கள்; வர்க்கமூலம் குறை எண்ணாக முடியாது. சரியான விடை (1 + சைன் அ)-வைக் கொசைன் அ-வின் எண்ணளவால் வகுத்தது.

சமன்பாடுகளைத் தீர்க்கும்போது பொதுக்காரணியை அடித்துவிடுவது தீர்வுகளை இழக்கச் செய்யும். சைன் 2அ = சைன் அ என்பதில் இருபக்கமும் சைன் அ ஆல் வகுத்தால் கொசைன் அ = ½ என்றாகி, 0°-இலிருந்து 360°-க்குள் 60°, 300° ஆகிய இரண்டு மட்டும் கிடைக்கின்றன. சைன் அ சுழியாகும் 0°, 180° ஆகியவையும் தீர்வுகளே.

ஒரு கோணத்தைப் பிரதியிட்டுச் சரிபார்ப்பது நல்ல பழக்கம். அதனால் தவறான முற்றொருமையை மறுக்கலாம். சரியானதை நிறுவ இயலாது. சைன் (அ + ஆ) என்பதைச் சைன் அ + சைன் ஆ எனப் பிரித்தெழுதுவோர் 30°, 60° ஆகியவற்றை இட்டுப் பார்த்தால் இடப்பக்கம் 1, வலப்பக்கம் 1.366 என உடனே காண்பர். ஆனால் 45°-ஐத் தேர்ந்தெடுப்பது ஏமாற்றும். அங்கே சைனும் கொசைனும் சமம், டேன் 1. பல தவறுகள் அக்கோணத்தில் மட்டும் சரியாகத் தோன்றும். சைன்² அ + சைன் அ கொசைன் அ = 1 என்பது 45°-இல் உண்மை; 30°-இல் இடப்பக்கம் 0.683. கணிப்பான் இல்லாத தேர்வறையில் 30°-ஐயோ 60°-ஐயோ எடுத்துக்கொள்வது பாதுகாப்பானது.